அரை மணி நேரச் செய்தி, அப்புறம் ஒரு பாட்டு

மனநல ஆலோசகரிடம் கேளுங்கள்

வாசகர் கடிதம் (சுருக்கம்):

மேடம், எனக்கு 44 வயது. ஈரோடு மாவட்டத்தில் ஒரு கிளை நூலகத்தில் வேலை பார்க்கிறேன். சுற்றிலும் புத்தகம்தான். ஆனால் ஒரு வருடமாகச் சேர்ந்தாற்போல் பத்துப் பக்கம் படிக்க முடியவில்லை. காலையில் கண் விழித்ததும் போனில் செய்தி பார்க்கிறேன். இரவு ஒரு மணிக்கும் அதேதான். காசாவில் இடிபாடுகளுக்கு நடுவில் நிற்கும் குழந்தைகள், இங்கே சாதியின் பேரால் வெட்டுக்குத்து, மதத்தின் பேரால் கொட்டும் வெறுப்பு. சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் போட்ட ஒரு வீடியோவைத் தட்டிக் கேட்டேன். அதிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை. முன்பெல்லாம் பாடிக்கொண்டேதான் சமைப்பேன். அதையும் விட்டுவிட்டேன். இவ்வளவு நடக்கும்போது நான் மட்டும் பாட்டு, கதை என்று இருந்தால் அது சுயநலம் இல்லையா? போன வாரம் என் மகள், "ஏம்மா, நீ இப்பல்லாம் பாடறதே இல்ல?" என்று கேட்டாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுயநலம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முழுக் கடிதத்தில் அந்தச் சொல் மூன்று இடங்களில் வருகிறது. உங்களை அதிகம் அரிப்பது அதுதான் என்று புரிகிறது.

அடுத்தது, படிக்க முடியாமல் போனது பற்றி. இது சோம்பேறித்தனமோ ஆர்வக் குறைவோ இல்லை. நடுராத்திரி கொல்லைப்புறக் கதவில் ஏதோ சத்தம் கேட்டு எழுந்து உட்கார்ந்திருப்பவர் கையில் ஒரு நாவலைக் கொடுத்தால் படிப்பாரா? கண் எழுத்தின் மேல் ஓடும், காது கதவிலேயே இருக்கும். ஆபத்து பக்கத்தில் இருக்கிறது என்று மூளை நம்பிவிட்டால் உடம்பு காவலுக்கு நின்றுவிடும். நெஞ்சு வேகமாக அடிக்கும், தோள் இறுகும், தூக்கம் மேலோட்டமாகப் போகும். ஒரே விஷயத்தில் நெடுநேரம் மனதை நிறுத்துவது அப்போது மூளைக்குத் தேவையில்லாத வேலை. நீங்கள் தினமும் காலையிலும் நள்ளிரவிலும் அந்தக் கதவுச் சத்தத்தை உங்கள் கையாலேயே எழுப்பிக்கொள்கிறீர்கள். உங்கள் உடம்பு ஒரு வருடமாகக் காவலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். திருச்சியில் தொழில் செய்கிறேன் என்றாலும் நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில். போரால் 1990-க்குப் பிறகு எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. பேட்டரியும் உள்ளே வராது, மண்ணெண்ணெய் பொன் விலை. இரவில் ஜாம் போத்தலில் திரி போட்டு எரித்த விளக்கில்தான் படிப்போம். ஆனால் செய்தி வேண்டுமே! சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தில் டைனமோவைச் சாய்த்து, அதிலிருந்து ரேடியோவுக்கு வயர் இழுத்திருப்பார் என் மாமா. பெடலைக் கையால் சுற்றுவது என் வேலை. எனக்குப் பதினோரு வயது. இரவு 9.15-க்கு லண்டனிலிருந்து பிபிசி தமிழோசை. ஒழுங்கையில், அதாவது எங்கள் சந்தில், இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். நான் சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் கம்மும். "பிள்ளை, கை விடாதை" என்று யாராவது சொல்வார்கள்.

அரை மணி நேரத்தில் செய்தி முடிந்துவிடும். பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அப்புறம் மாமா முள்ளை மெதுவாகத் திருப்பி திருச்சி வானொலி நிலையத்தைப் பிடிப்பார். கச்சேரியோ நாடகமோ, எது ஓடுகிறதோ அது. எனக்குக் கை வலித்திருக்கும், மாமாவே பெடலை வாங்கிச் சுற்றுவார். அந்த முற்றத்தில் இருந்தவர்களில் செய்தியைப் பற்றிக் கவலை இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. அந்தச் செய்தியில் வந்த ஊர்களில் அவர்களுடைய பிள்ளைகள் இருந்தார்கள். ஆனாலும் செய்தி முடிந்ததும் எழுந்து போகாமல் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போடுவார். அவரைப் பார்த்து யாரும் சுயநலக்காரர் என்று நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்தச் செய்திக்கு ஒரு முடிவு இருந்தது. அதைக் கேட்க உழைக்க வேண்டியும் இருந்தது. உங்கள் கையில் இருக்கும் செய்திக்கு இரண்டும் கிடையாது. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருக்கும். நாம் பதறப் பதற அதிகம் தள்ளுவோம் என்று தெரிந்தே அந்தச் செயலிகளை அமைத்திருக்கிறார்கள். நான் உங்களைச் செய்தி பார்க்காதீர்கள் என்று சொல்லப் போவதில்லை. பார்க்க வேண்டும். ஆனால் அதற்கு ஒரு முடிவை நீங்கள்தான் வைத்தாக வேண்டும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் வீட்டுக்குப் பின்னால் வெட்டியிருந்த பங்கருக்குள், பதுங்கு குழிக்குள், இறங்கிவிடுவோம். மேலே பனங்குற்றியும் மண் மூட்டையும். உள்ளே ஈர மண் வாசம், எறும்பு, இருட்டு. அங்கே அம்மம்மா ஒரு தேவாரத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடுவார். உங்களுக்கும் தெரிந்திருக்கும்:

மாசில் வீணையும் மாலை மதியமும்
வீசு தென்றலும் வீங்கிள வேனிலும்
மூசு வண்டறை பொய்கையும் போன்றதே
ஈசன் எந்தை இணையடி நீழலே.

இது அப்பர் பாடியது. எங்கே இருந்து பாடினார் என்பதுதான் முக்கியம். அவர் மதம் மாறியதற்காகப் பல்லவ மன்னன் அவரைச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டு ஏழு நாள் பூட்டி வைத்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அந்த நீற்றறைக்குள் இருந்தபோது பாடியது என்பது மரபு. அரசாங்கம் ஒரு மனிதனை அவன் நம்பிக்கைக்காக நெருப்பில் போடுகிறது. அவர் வாயிலிருந்து வருவது வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு ரீங்கரிக்கும் குளம்! ராஜாவைப் பற்றி இந்தப் பாட்டில் ஒரு சொல்கூட இல்லை.

பல வருடம் கழித்து உளவியல் படிக்க வந்தபோது, பதற்றத்தில் மூச்சு முட்டி வருகிறவர்களுக்குச் செய்யும் முதலுதவி ஒன்றைச் சொல்லித் தந்தார்கள். கண்ணில் படுகிற சிலவற்றைச் சொல்லுங்கள், காதில் விழுகிற சிலவற்றைச் சொல்லுங்கள், தோலில் படுவதைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு புலனாகக் கேட்க வேண்டும். நினைப்பு பயத்தின் பின்னால் ஓடாமல், இருக்கும் இடத்துக்குத் திரும்பி வரும். அன்று வகுப்பில் எனக்கு அம்மம்மாவின் குரல்தான் கேட்டது. காதுக்கு வீணை, கண்ணுக்கு நிலா, தோலுக்குத் தென்றல். அப்பர் சிகிச்சை முறை எதையும் சொல்ல வரவில்லை, அவர் இறைவனைத்தான் பாடினார். நானும் அதைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. ஆனாலும் இருட்டில் மாட்டிக்கொண்ட ஒரு மனம் எதைப் பிடித்துக்கொண்டு மேலே வரும் என்பது இந்த மண்ணில் பல நூற்றாண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

பாடும்போது உடம்பிலும் ஒன்று நடக்கிறது. ஒரு வரியைப் பாடி முடிக்க மூச்சை நீளமாக, மெதுவாக வெளியே விட வேண்டும். மூச்சு அப்படி நீண்டு வெளியேறும்போது இதயத் துடிப்பு தணியும். ஆபத்து இல்லை, ஓய்வெடுக்கலாம் என்கிற செய்தி நரம்புகள் வழியாகப் போகும். ராகம், சுருதி எல்லாம் சரியாக இருக்க வேண்டியதில்லை. முணுமுணுத்தாலும் போதும். சமையலறையில் நீங்கள் பாடிய பாட்டு உங்களுக்கே தெரியாமல் இந்த வேலையை வருடக்கணக்காகச் செய்து வந்திருக்கிறது. அதை நிறுத்தியது உங்களுக்கு ஒரு இழப்புதான். அதனால் காசாவில் ஒரு குழந்தைக்கும் ஒரு வாய் தண்ணீர் கூடுதலாகக் கிடைத்துவிடவில்லை.

இது கொஞ்சம் கடுமையாக இருக்கலாம். ஆனால் உங்கள் குற்ற உணர்ச்சியின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருப்பதை அவர்களுக்காகச் செய்கிற ஒரு காரியமாக மனம் எண்ணிக்கொள்கிறது. கண்ணை எடுத்தால் அவர்களைக் கைவிட்டதுபோல் ஆகிவிடும் என்று தோன்றுகிறது. அன்பிலிருந்துதான் இந்த எண்ணம் வருகிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நூறாவது வீடியோவைப் பார்ப்பதால் அவர்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. நம்பகமான ஒரு நிவாரண அமைப்புக்கு மாதம் 200 ரூபாய், உங்கள் ஊரில் சாதிக் கொடுமைக்கு எதிராக ஒரு கூட்டம் நடந்தால் அங்கே போய் உட்கார்வது, ஒரு மனுவில் கையெழுத்து. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் செய்யுங்கள். என் அனுபவத்தில் குற்ற உணர்ச்சி இறங்குவது இப்படிக் கையால் ஒன்றைச் செய்யும்போதுதான்.

நீங்கள் நூலகத்தில் வேலை பார்ப்பதால் லண்டன் நேஷனல் கேலரியில் நடந்ததை உங்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. 1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கவிருந்த நாட்களில், குண்டு விழும் என்று பயந்து அந்த ஓவியக்கூடத்தில் இருந்த ஓவியங்களை வெளியூருக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு அவை வேல்ஸ் பகுதியில் ஒரு கற்சுரங்கத்துக்குள் பத்திரமாக வைக்கப்பட்டன. நகரத்தில் இரவில் விளக்கு இல்லை, கச்சேரி அரங்குகள் மூடிக் கிடந்தன. மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர், காலியாகக் கிடந்த அந்தக் கூடத்தில் மதிய உணவு நேரத்தில் கச்சேரி வைக்கலாமா என்று கேட்டார். இயக்குநராக இருந்த கென்னத் கிளார்க் உடனே சம்மதித்தார். 1939 அக்டோபர் 10-ஆம் தேதி முதல் கச்சேரி. டிக்கெட் ஒரு ஷில்லிங். அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், சீருடையில் இருந்த சிப்பாய்கள், நர்சுகள் என்று வரிசை கட்டி வந்தார்கள். நாற்காலி போதாமல் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். தினமும் குண்டு விழுந்த மாதங்களில் கச்சேரி கட்டடத்தின் அடித்தளத்துக்கு இறங்கியது, ஆனால் நிற்கவில்லை. 1946 ஏப்ரல் வரை வாரத்துக்கு ஐந்து நாள், கிட்டத்தட்ட 1,700 கச்சேரிகள். கேட்டவர்களின் எண்ணிக்கை எட்டு லட்சத்தைத் தாண்டியது. ஹெஸ் யூதப் பெண். தன் இனத்தை அழிக்கப் புறப்பட்ட ஜெர்மனியின் இசையமைப்பாளர்களையே, பாக்கையும் பீத்தோவனையும், லண்டனில் இருந்துகொண்டு வாசித்தார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். ஒரு மொழியையும் அதன் இசையையும், வெறுப்பை வளர்ப்பவர்கள் கையில் மொத்தமாக விட்டுவிட அவர் தயாராக இல்லை.

இன்னொன்றும் நடந்தது. 1942-இல், எல்லா ஓவியங்களும் இல்லாவிட்டாலும் ஒரே ஒரு ஓவியத்தையாவது மக்கள் பார்க்கட்டும் என்று ஒருவர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். ஓவியக்கூடம் அதை ஏற்றுக்கொண்டது. மாதத்துக்கு ஓர் ஓவியம் சுரங்கத்திலிருந்து லண்டனுக்கு வரும், பகலில் மாட்டி வைப்பார்கள், இரவில் பத்திரமாகக் கீழே இறக்கிவிடுவார்கள். பெரிய கூடத்தில் ஒரே ஓர் ஓவியம், அதைப் பார்க்க வரிசை. நூற்றுக்கணக்கில் தொங்கியபோது ஒவ்வொன்றுக்கும் கிடைக்காத கவனம் இந்த ஒன்றுக்குக் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நம் பாரதியையும் பாருங்கள். 1908-இல் கைதுக்குத் தப்பிப் புதுச்சேரி போனவர். பத்திரிகையை பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரவிடாமல் தடுத்தார்கள், வீட்டைச் சுற்றி ஒற்றர்கள், கையில் காசில்லை. அங்கேதான் பாஞ்சாலி சபதம் எழுதினார், சரி, அதில் அரசியல் இருக்கிறது. ஆனால் ஒரு மாந்தோப்பில் கூவும் குயிலையும் அதன் காதலையும் பற்றி நீளமாக ஒரு பாட்டு எழுதியதும் அதே புதுச்சேரியில்தான். அதற்காக அவருக்கு நாட்டுப்பற்று குறைந்துவிட்டது என்று யார் சொல்வார்கள்?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பாட்டும் கதையும் ஒளிந்துகொள்ளும் இடமாகவும் ஆகிவிடலாம். காதில் இயர்போனை மாட்டினால் கழற்றாதவர்கள் என்னிடம் வருகிறார்கள். ஒரு தொடர் முடிந்ததும் அடுத்தது, விடிய விடியப் பார்ப்பவர்களும் வருகிறார்கள். இது ஆறுதலா, மரத்துப்போவதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? நான் ஒன்றைத்தான் கேட்பேன்: அதை முடித்துவிட்டு எழும்போது பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கத் தோன்றுகிறதா? தோன்றினால் அது உங்களுக்கு நல்லது செய்கிறது. பக்கத்தில் யாராவது பேசினாலே எரிச்சல் வருகிறது என்றால் நிறுத்துங்கள். அதேபோல, ஆறுதல் தருவது சந்தோஷமான பாட்டாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. நம் ஊரில் சாவு வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். அது துக்கத்தை மறைப்பதில்லை, துக்கம் வெளியே வர ஒரு மெட்டும் கூடப் பாட நாலு பேரும் கிடைக்கிறார்கள். உங்களுக்கு அழுகை வரும் பாட்டு ஒன்று இருந்தால் அதைக் கேட்டு அழுங்கள், தப்பே இல்லை.

சரி, என்ன செய்யலாம்?

செய்திக்கு ஒரு நேரம் வையுங்கள். காலையில் நூலகத்தைத் திறந்ததும் அங்கே வரும் நாளிதழைப் படியுங்கள். முதல் பக்கத்தில் தொடங்கி கடைசிப் பக்கத்தில் முடிந்துவிடும் என்பது அச்சுப் பத்திரிகையின் பெரிய குணம். மாலையில் வேண்டுமானால் அரை மணி நேரம் டிவியோ ரேடியோவோ. போனில் செய்தி வேண்டாம். இரவு சார்ஜரை ஹாலில் வைத்துவிடுங்கள், எழுப்புவதற்கு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து நாள் கை தானாகவே போனைத் தேடும், எதையோ தவறவிட்ட மாதிரி இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள், தணிந்துவிடும்.

படிப்பை நாவலில் தொடங்காதீர்கள். அலமாரிக்கு முன்னால் நின்றபடியே ஒரு கவிதை, ஒரு குறள், இரண்டு பக்கச் சிறுகதை. அல்லது பள்ளிக்கூடத்தில் படித்து மனதில் நின்ற ஒன்றை மறுபடி எடுங்கள். முடிவு தெரிந்த கதையில் மனதுக்குப் பயம் இல்லை, அதனால் காவலில் நிற்கும் மூளை கொஞ்சம் உட்காரும். வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது, கண் தாவி ஓட முடியாது, மூச்சும் ஒழுங்காகும். பத்து நிமிடம் போதும். இரண்டு வாரம் கழித்துக் கூட்டிக்கொள்ளலாம்.

மூன்றாவது யோசனை உங்கள் நூலகத்துக்கு. வாசல் மேசையில் மாதம் ஒரே ஒரு புத்தகத்தை எடுத்து வையுங்கள். பக்கத்தில் நீங்களே கையால் எழுதிய நாலு வரி: இதை ஏன் படிக்கலாம் என்று. டிஎன்பிஎஸ்சி-க்குப் படிக்க வரும் பிள்ளைகள் தண்ணீர் குடிக்க எழும்போது நின்று பார்ப்பார்கள். நாளிதழ் படிக்க வரும் பெரியவர்கள் புரட்டுவார்கள். முடிந்தால் சனிக்கிழமை சாயங்காலம் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கால் மணி நேரம் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். எங்கள் முற்றத்தில் ரேடியோ கேட்டது நாங்கள் மட்டும் இல்லை, அந்த ஒழுங்கையே கேட்டது. தனியாகக் கேட்டிருந்தால் அது எங்களை இவ்வளவு தாங்கியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான். உங்களுக்கு அப்படி ஒரு முற்றம் ஏற்கெனவே இருக்கிறது, சாவியும் உங்கள் கையில் இருக்கிறது.

அண்ணன் விஷயம். குழுவை மியூட் செய்யுங்கள், அங்கே வாதாடி யாரும் மனம் மாறியதை நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரில் போங்கள். வீடியோவைப் பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம். நீங்கள் சொன்னதிலிருந்து பின்வாங்கவும் வேண்டாம். சின்ன வயதில் இரண்டு பேரும் சேர்ந்து கேட்ட பாட்டு ஏதாவது இருக்கும், அதைப் பற்றிப் பேச்செடுங்கள். முதல் தடவை இறுக்கமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று தடவை போக வேண்டி வரலாம்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று வாரத்தில் தூக்கம் திரும்பவில்லை என்றால், பசி போய்விட்டால், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், பாட்டையும் புத்தகத்தையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கேயும் போகலாம். உயிரோடு இருந்து என்ன ஆகப் போகிறது என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே அழையுங்கள்.

மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி அடுப்பைப் பற்ற வைக்கும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, முன்பு பாடிய ஏதாவது ஒன்றைத் தொடங்குங்கள். நடுவில் வரி மறந்துபோனால் அவளிடம் கேளுங்கள், இத்தனை வருடம் கேட்டவள், அவளுக்கு ஞாபகம் இருக்கும்.

வாசல் மேசையில் முதலில் எந்தப் புத்தகத்தை வைத்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.